அடகுச் சாடி

ஷாந்தோ துறைமுகத்துக்குப் பின்தெருவில்
ஆணியும் திருகும் எடைக்கு விற்கிறேன்.
என் கடையில் இரும்பு அல்லாதவை இரண்டு:
நான், அப்புறம் அந்த வெள்ளீயச் சாடி.

தொண்ணூற்றொன்றில் வெங் ஹோங்ஷி அதை வைத்துவிட்டு
மூவாயிரத்து இருநூறு யுவான் வாங்கிப் போனான்.
"வூயி மலைப் பாறையில் விளைந்த ஊலாங்.
கோடைக்குள் மீட்டுவிடுவேன்."
எந்தக் கோடை என்று நான் கேட்கவில்லை.

இன்று வந்திருக்கிறான்.
தலையில் மயிரில்லை. உறையில் அதே தொகை,
கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிறான்.
வட்டி?
"சாடிக்குள் இருக்கிறது."

பேச்சை வளர்க்காமல் அடுப்பை மூட்டினேன்,
ஆலிவ் கொட்டைக் கரி.
ஆணி முனையால் மெழுகைக் கீறி மூடியைத் தூக்கினால்
பூ வாசம் எதுவுமில்லை.
நெடுநாள் பூட்டிக் கிடந்த மரப்பெட்டி,
உலர்ந்த பிளம்,
நாட்டு மருந்துக் கடையில் யாரும் இழுக்காத கடைசி இழுப்பறை.

எட்டிப் பார்த்தான்.
"இரண்டு விரற்கடை குறைந்திருக்கிறதே."
"ஈரம் போயிருக்கும்" என்றேன்.
"யாருக்கு?" என்றான்.

உண்மையைச் சொல்வதானால்,
மூன்றாண்டுக்கு ஒருமுறை மூங்கில் கூடையில் கொட்டி
சாம்பல் மூடிய தணலில் இரவெல்லாம் வாட்டியவள் நான்.
விட்டுவிட்டால் புளித்துப்போகும்,
ஒரு நாழிகை கூடினால் கரி.
பதம் தெரிய ஒரு வாய் குடிக்காமல் முடியுமா?
ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வாய்.
சரி, ஒரு கெண்டி.
கடல் தெருவுக்குள் வந்த வருடம்
மகளின் சான்றிதழ்களுக்கு முன்னால்
மாடியேறியது இந்தச் சாடிதான்.
அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

முஷ்டியளவு மண்கெண்டி. முக்கால்வாசி இலை.
தண்ணீர் தளதளவென்று குதிக்க வேண்டும்,
இளஞ்சூட்டுக்கெல்லாம் இது வாய் திறக்காது.
முதல் நீரை ஊற்றிய கையோடு வடித்துக் கொட்டினேன்.
"முதல் போயிற்றே" என்றான்.
"முதல் போவதுதான் வழக்கம். மிச்சத்தைக் குடி."

இரண்டாம் நீருக்கு ஐந்து மூச்சு.
கெண்டியைத் தாழ்த்தி மூன்று கிண்ணத்தின் மேலும் சுற்றினேன்,
ஒன்று திடமாய் ஒன்று வெறுமையாய்ப் போய்விடாமல்.
ஆள் எத்தனை என்றாலும் எங்கள் ஊரில் கிண்ணம் மூன்று.
நாங்கள் இருவர்.

இருமல் மருந்தின் நிறம்.
நாக்கில் வைத்தால் பதில் இல்லை.
விழுங்கி, கிண்ணத்தைக் கவிழ்த்து,
வேறு பேச்சு எடுக்கப் போகையில்
பின்வாசல் வழியாகத் தொண்டைக்குள் ஏறி வருகிறது இனிப்பு,
கடன் கேட்டு வந்த ஒன்றுவிட்ட தம்பிபோல் தயங்கி.

"இலை என்னுடையது" என்றான்.
"வயது என்னுடையது" என்றேன்.
"பிரித்துக் கொடு பார்ப்போம்."

அப்போதுதான் லாரி ஓட்டும் பையன் ஒருவன்
அரைக்கிலோ போல்ட் கேட்டு நுழைந்தான்.
மூன்றாம் கிண்ணத்தை நீட்டினேன். ஒரே மடக்கு.
"கெட்டுப்போச்சா அக்கா இது?"
போல்ட்டை வாங்கி வாசல்வரை போனவன்
நின்றான். திரும்பினான்.
"இன்னொன்று இருக்கிறதா?"

ஐந்தாம் நீர். ஆறு.
இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை.
ஏழாம் நீரில் அவனாகவே சொன்னான்:
"இங்கேதான். நாலு தெரு தள்ளி.
உன் கடை வழி வராமல் சுற்றிப் போவேன்."

கெண்டியிலிருந்து ஓர் இலையை எடுத்து
உள்ளங்கையில் விரித்தேன்.
அத்தனை கொதிநீருக்குப் பிறகும்
ஓரத்தை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது.

சாடியை அவன் தொடவில்லை.
புது மெழுகு உறையும்வரை இருந்துவிட்டு
"அடுத்து எப்போது வாட்டுவாய்?" என்றான்.
"மூன்று வருடம் கழித்து."
"நாலு தெருதானே" என்று போய்விட்டான்.

உறையைப் பிரித்து எண்ணினேன்.
எச்சில் தொட்டு இன்னொரு முறை எண்ணினேன்.
ஒரு நூறு குறைகிறது.

ஈரம் போயிருக்கும்.